டேலி பிரைமின் விகிதப் பகுப்பாய்வுப் பக்கம்: சிறுவணிகருக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

கணக்கு எழுதவும், ஜிஎஸ்டி தாக்கல் செய்யவும், ஆண்டு முடிவில் ஆடிட்டரிடம் விவரம் கொடுக்கவும் டேலியை நம்பியிருக்கும் கடைகள் நம் ஊர்களில் ஏராளம். அந்த மென்பொருளின் முகப்புத் திரையில் இருப்புநிலைக் குறிப்பு, இலாப நட்டக் கணக்கு, சரக்கிருப்புச் சுருக்கம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ‘ரேஷியோ அனாலிசிஸ்’, அதாவது விகிதப் பகுப்பாய்வு, என்றொரு வரி இருக்கிறது. நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் கடைகளில் அந்த வரியைத் தாமாகத் திறந்து பார்த்த உரிமையாளர்கள் மிகக் குறைவு. ஆடிட்டருக்கும் வங்கிக்கும் மட்டுமே உரிய பக்கம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வணிகம் எப்படி நடக்கிறது என்று அளந்து சொல்வதற்கு ஒரு சிறுவணிகரின் கையில் ஏற்கெனவே இருக்கும் சிறந்த கருவி அதுதான் என்பது என் கருத்து. ஆனால் அதிலுள்ள எண்களை அவை எவ்வாறு கணக்கிடப்படுகின்றன என்று அறியாமல் படித்தால் தவறான முடிவுக்கு வந்து சேரும் வாய்ப்பும் உண்டு. எனவே டேலி பிரைம் முழுவதையும் மதிப்பிட முயலாமல், இந்த ஒரு பக்கத்தையும் அதைச் சார்ந்த சில அறிக்கைகளையும் மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

டேலி பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் தயாரிப்பு. சியாம் சுந்தர் கோயங்காவும் அவருடைய மகன் பாரத் கோயங்காவும் 1986இல் தொடங்கிய முயற்சி அது. இப்போது நாம் பயன்படுத்தும் டேலி பிரைம் 2020 நவம்பரில் வெளிவந்தது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலில் விகிதப் பகுப்பாய்வு ஓர் அலகாகவும் அதற்கு அடுத்த அலகாக டேலியும் வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் படித்த பிள்ளைகள் கடைகளில் கணக்கெழுத வரும்போது, முதல் அலகில் படித்தது இரண்டாம் அலகின் திரையிலேயே ஆயத்தமாக இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

பக்கத்தின் அமைப்பு எளிமையானது. இடப்புறத்தில் நடைமுறை மூலதனம் (நடப்புச் சொத்தில் நடப்புப் பொறுப்பு போக மிஞ்சுவது), கையிருப்பு ரொக்கம், வங்கி இருப்பு, வங்கி ஓடி (ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ள வங்கி அனுமதிக்கும் கடன்), வர வேண்டிய பாக்கி, தர வேண்டிய பாக்கி, விற்பனை, கொள்முதல், சரக்கிருப்பு, நிகர இலாபம் ஆகிய தொகைகள் நிற்கின்றன. வலப்புறத்தில் நடப்பு விகிதம், விரைவு விகிதம், கடனுக்கும் சொந்த மூலதனத்துக்குமான விகிதம், மொத்த இலாப விழுக்காடு, நிகர இலாப விழுக்காடு, பாக்கி வசூலாகும் நாட்கள், முதலீட்டின் மீதான வருவாய் முதலியவை நிற்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் கீழே அது எதை எதால் வகுத்து வந்தது என்று அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் பாராட்டுவதற்கு முதற்காரணமாக நான் கருதுவது அந்தச் சிறிய எழுத்துகளையே. வாய்பாட்டை மறைத்து எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டும் கருவிகள் பெருகிவிட்ட காலத்தில், எண்ணையும் அதன் பிறப்பையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது நேர்மையான செயல்.

வணிகத்தை அளக்கும் எண்கள் எத்தனை இருந்தாலும், கடைக்காரர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்விகளாகப் பார்த்தால் அவை மூன்று வகைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்க என்னால் முடியுமா, விற்றதில் எவ்வளவு நின்றது, போட்ட பணம் எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது என்பவையே அந்தக் கேள்விகள். இரண்டாவது கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கான விடையே ஒரு சிறு கடையின் நிலையை மற்ற இரண்டையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது என்று நான் நம்புகிறேன். இந்தப் பக்கம் அங்கேதான் அதிகம் பயன்படுகிறது. விளக்கத்துக்காகக் கற்பனையாக ஓர் இரும்பு, சிமெண்ட், பெயின்ட், குழாய், குளியலறைச் சாமான் கடையை வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை வரி நீங்கலாக 1 கோடியே 20 இலட்சம் ரூபாய்; மொத்த இலாபம் 12 விழுக்காடு; நிகர இலாபம் 4 விழுக்காடு, அதாவது 4 இலட்சத்து 80 ஆயிரம். வர வேண்டிய பாக்கி 30 இலட்சம், சரக்கு 20 இலட்சம், ரொக்கமும் வங்கி இருப்புமாக 2 இலட்சம், தர வேண்டிய பாக்கி 16 இலட்சம், வங்கியில் ஓடி 25 இலட்சம், உரிமையாளரின் மூலதனம் இந்த ஆண்டின் இலாபத்தையும் சேர்த்து 20 இலட்சம்.

இந்தக் கடைக்கு டேலி காட்டும் நடப்பு விகிதம் 3.25. நடப்புச் சொத்து (வர வேண்டிய பாக்கி, சரக்கு, ரொக்கம், வங்கி இருப்பு) 52 இலட்சத்தை நடப்புப் பொறுப்பு (தர வேண்டிய பாக்கி) 16 இலட்சத்தால் வகுத்தால் கிடைப்பது அது. பாடநூல் இரண்டுக்கு ஒன்று இருந்தால் நல்லது என்கிறது. எனவே உரிமையாளர் மகிழ்ந்து போய் வங்கிக்குச் செல்வார். அங்கே கடன் பிரிவு அதிகாரி அதே இருப்புநிலைக் குறிப்பை வைத்துக்கொண்டு 1.27 என்று எழுதுவார். இருவரும் கணக்கில் பிழை செய்யவில்லை. டேலியில் ‘வங்கி ஓடி’ என்ற குழு ‘கடன்கள்’ என்ற முதன்மைக் குழுவின் கீழ் வருகிறது. ‘நடப்புப் பொறுப்புகள்’ குழுவில் அது சேர்வதில்லை. வங்கியோ ஓடியையும் அதைப் போன்ற சிசி என்ற கேஷ் கிரெடிட் கடனையும் கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய தொகையாகக் கருதி நடப்புப் பொறுப்பில் சேர்க்கிறது. எனவே 52 இலட்சத்தை 41 இலட்சத்தால் வகுக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 1974இல் அமைத்த டாண்டன் குழுவின் பரிந்துரையிலிருந்து வழக்கத்துக்கு வந்த 1.33 என்ற குறைந்தபட்ச அளவை இன்றும் பல வங்கிக் கிளைகள் மனத்தில் வைத்தே கோப்பைப் படிக்கின்றன. 3.25 என்று நினைத்துச் சென்றவர் 1.33க்கும் கீழே நிற்பதை அங்கே போய்த்தான் அறிகிறார். ஓடிக் கணக்கு உள்ள எவரும் இந்தத் திரையில் தெரியும் நடப்பு விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இடப்புறத்தில் தனியாகக் காட்டப்படும் ஓடித் தொகையைப் பொறுப்போடு கூட்டி, ஒரு முறை கையால் வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடைமுறை மூலதனத் தொகைக்கும் இதே திருத்தம் தேவை: திரையில் 36 இலட்சமாகத் தெரிவது வங்கியின் கண்ணில் 11 இலட்சம்தான்.

நடப்புச் சொத்தில் சரக்கைக் கழித்துவிட்டு வகுக்கும் விரைவு விகிதத்துக்கும் இதே குறை பொருந்தும் என்பதால் அதைத் தனியே விவரிக்கவில்லை. கடனுக்கும் மூலதனத்துக்குமான விகிதம் ஓடியைச் சேர்த்தே கணக்கிடப்படுவதால் அது நம்பத்தக்கது. நம் கடைக்கு அது 1.25.

இலாப விழுக்காடுகளுக்கு வருவோம். மொத்த இலாப விழுக்காடு இரண்டு இடங்களில் தடம் புரளக்கூடியது. ஒன்று, ஆண்டு முடிவுச் சரக்கு. டேலியில் கணக்கையும் சரக்கையும் இணைத்து வைத்திருந்தால், சராசரி விலை, முதலில் வந்தது முதலில் போவது என்று நாம் தேர்ந்தெடுத்த முறைப்படி சரக்கின் மதிப்பு தானாக வந்துவிடும். இணைக்காமல் வைத்திருந்தால், முடிவுச் சரக்கை நாமே எழுத வேண்டும். நம் கடையில் சரக்கை ஓர் இலட்சம் கூட்டி எழுதினால் மொத்த இலாபம் 12 விழுக்காட்டிலிருந்து 12.8 விழுக்காடாக உயரும். நிகர இலாபமும் அதே ஓர் இலட்சம் கூடி 4.8 விழுக்காட்டைத் தொடும். விற்காத சரக்கும் துருப்பிடித்த சரக்கும் இப்படித்தான் காகிதத்தில் இலாபமாகிவிடுகின்றன. இன்னொன்று, செலவை எந்தக் குழுவில் போடுகிறோம் என்பது. சரக்கைக் கொண்டுவரும் லாரி வாடகையும் ஏற்று இறக்குக் கூலியும் நேரடிச் செலவுகளில் இருக்க வேண்டியவை. அவற்றை மறைமுகச் செலவுகளில் போட்டால் நிகர இலாபம் மாறாது, ஆனால் மொத்த இலாபம் பெருத்துத் தெரியும். கணக்கெழுதுபவர் மாறும்போது குழுவும் மாறி, சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு மொத்த இலாபம் கூடிவிட்டது என்று தோன்றிய கடைகளை நான் பார்த்திருக்கிறேன். விழுக்காடு திடீரென்று மாறியிருந்தால், விலை மாறியதா என்று கேட்பதற்கு முன், எந்தச் செலவு எந்தக் குழுவுக்கு நகர்ந்தது என்று பார்ப்பது நல்லது. எண்டர் விசையைத் தட்டித் தட்டித் தொகையிலிருந்து குழுவுக்கும், குழுவிலிருந்து பேரேட்டுக்கும், பேரேட்டிலிருந்து வவுச்சர் என்ற தனிப் பதிவுக்கும் இறங்கிச் செல்ல முடிவது டேலியின் நெடுநாளைய பலம். இத்தகைய சந்தேகத்தைச் சில நிமிடங்களில் தீர்த்துவிடலாம்.

முதலீட்டின் மீதான வருவாய் என்ற வரி, தனிநபர் வணிகத்தில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய ஒன்று. நிகர இலாபத்தை மூலதனமும் இலாபமும் சேர்ந்த தொகையால் வகுத்துத் திரை நம் கடைக்கு 24 விழுக்காடு என்று காட்டும். வங்கி வைப்பில் எங்கும் கிடைக்காத வருவாய் என்று தோன்றும். ஆனால் உரிமையாளர் காலை முதல் இரவு வரை கடையில் நிற்பதற்குச் சம்பளம் எழுதப்படவில்லை. கடை சொந்தக் கட்டடத்தில் இருந்தால் வாடகையும் எழுதப்படவில்லை. அதே வேலைக்கு வெளியார் ஒருவரை மாதம் 25 ஆயிரத்துக்கு வைத்திருந்தால் ஆண்டுக்கு 3 இலட்சம். கட்டடத்தை மாதம் 10 ஆயிரத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தால் 1 இலட்சத்து 20 ஆயிரம். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 60 ஆயிரம். வருவாய் 24 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகச் சுருங்குகிறது. இதற்காக மென்பொருளைக் குறை கூற முடியாது, அது எழுதிய கணக்கைத்தான் கூட்டும். இந்தக் கழித்தலை ஆண்டுக்கு ஒரு முறையாவது தனித்தாளில் செய்து பார்க்காத உரிமையாளர், தம் உழைப்பின் கூலியையே முதலீட்டின் வருவாய் என்று எண்ணிக்கொண்டிருப்பார். வீட்டில் இன்னொரு தலைமுறை கடைக்கு வர வேண்டுமா என்று முடிவெடுக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம்.

இலாப விழுக்காடு மட்டும் பார்ப்பதன் ஆபத்தை அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உணர்ந்து, முதலீட்டின் வருவாய் என்பது இலாப விழுக்காட்டையும் சுழற்சியையும் பெருக்கி வருவது என்று வாய்பாடாக்கினார். இந்தக் கருத்தை நம் கடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். சிமெண்டில் போட்ட முதலுக்கு 4 விழுக்காடுதான் நிற்கிறது. ஆனால் சரக்கு ஆண்டுக்கு 24 முறை புரள்கிறது என்று கொள்வோம். குளியலறைச் சாமான்களில் 30 விழுக்காடு நிற்கிறது. ஆண்டுக்கு ஒன்றரை முறைதான் புரள்கிறது. சிமெண்டில் முடங்கிய 100 ரூபாய் ஆண்டில் 96 ரூபாய் ஈட்டுகிறது, குளியலறைச் சாமானில் முடங்கிய 100 ரூபாய் 45 ரூபாய் ஈட்டுகிறது. சிமெண்டில் ஒன்றும் நிற்பதில்லை என்று சொல்லி அதைக் குறைத்துக்கொள்ளும் கடைக்காரர், மூட்டைக்கு எவ்வளவு நிற்கிறது என்பதை அளந்தாரே தவிர, அந்தப் பணம் எத்தனை முறை உழைத்தது என்பதை அளக்கவில்லை.

அந்தச் சுழற்சியைக் காட்டும் வரி இந்தப் பக்கத்தின் இடப்புறத்திலேயே இருக்கிறது. ஆனால் டேலி சரக்குச் சுழற்சியை விற்பனையை முடிவுச் சரக்கால் வகுத்துக் கணக்கிடுகிறது. பாடநூல் சொல்வது விற்ற சரக்கின் அடக்கவிலையைச் சராசரிச் சரக்கால் வகுப்பது. நம் கடைக்குத் திரை காட்டுவது 6 முறை. தொடக்கச் சரக்கும் அதே 20 இலட்சம் என்று கொண்டு அடக்கவிலையில் பார்த்தால் 5.28 முறைதான். இலாப விழுக்காடு அதிகமுள்ள கடைகளில் இந்த இடைவெளி இன்னும் விரியும். அதைவிடப் பெரிய சிக்கல் பருவம். தீபாவளிக்கு முன் சரக்கை நிரப்பி வைத்திருக்கும் ஜவுளிக் கடை செப்டம்பர் இறுதியில் இந்தப் பக்கத்தைத் திறந்தால் சுழற்சி மிகவும் தாழ்ந்தும், பண்டிகை முடிந்து திறந்தால் மிகவும் உயர்ந்தும் தெரியும். இரண்டும் உண்மை நிலையல்ல. மேலும், ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று காலத்தைக் குறுக்கினால் மூன்று மாத விற்பனையைத்தான் அது வகுக்கும், ஆண்டுக்கு ஏற்றபடி பெருக்கிக் காட்டாது. எனவே மாறாத ஒரு கால அளவை வைத்துக்கொண்டு, சென்ற ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிடுவது ஒன்றே பயன் தரும் முறை. மொத்தச் சரக்குக்கும் சேர்த்து ஒரே எண்ணைச் சொல்வதால் சிமெண்டும் குளியலறைச் சாமானும் அதில் கலந்து போகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கச் சரக்குக் குழுவாரியான நடமாட்ட அறிக்கைக்கும், எந்தச் சரக்கு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று சொல்லும் சரக்கு வயது அறிக்கைக்கும் போக வேண்டும். சரக்கு வயது அறிக்கை மாதம் ஒரு முறை அச்சிட்டு உரிமையாளரின் மேசையில் வைக்க வேண்டியது என்று நான் எல்லாக் கடைகளுக்கும் சொல்லி வருகிறேன்.

இனி, இந்தப் பக்கத்தில் நான் முதலில் பார்க்கும் வரி: பாக்கி வசூலாகும் நாட்கள். பில்வாரியான விவரம் வைக்கும் வசதியை இயக்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடன் தவணை நாட்களைப் பதிந்து, வரும் பணத்தை எந்தப் பில்லுக்கு வந்தது என்று குறித்து வைத்திருந்தால் மட்டுமே இந்த வரிக்கும் அதைத் தொடர்ந்த பாக்கி வயது அறிக்கைக்கும் உயிர் இருக்கும். பல கடைகளில் ரசீதை ‘கணக்கில் வரவு’ என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அப்போது பழைய பில்லும் அப்படியே நிற்கும், பணமும் தனியே நிற்கும், எந்த அறிக்கையும் சரியாக வராது. கணக்கெழுதுபவருக்கு ஒரு ரசீதுக்கு அரை நிமிடம் கூடுதலாகும் வேலை இது. அதைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது உரிமையாளரின் பொறுப்பு.

இதைக் கையால் கணக்கிட முனைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் உள்ள விற்பனைத் தொகையில் ஜிஎஸ்டி இல்லை. வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியில் ஜிஎஸ்டி இருக்கிறது. 30 இலட்சத்தை 1 கோடியே 20 இலட்சத்தோடு ஒப்பிட்டால் 91 நாட்கள் வரும். எல்லாச் சரக்கும் 18 விழுக்காட்டு வரிக்கு உட்பட்டது என்று கொண்டு, வரியையும் சேர்த்து 1 கோடியே 41 இலட்சத்து 60 ஆயிரத்தோடு ஒப்பிட்டால் 77 நாட்கள்தான். வசூல் மந்தம் என்று விற்பனையாளரைக் கடிந்துகொள்வதற்கு முன் இந்தத் திருத்தத்தைச் செய்வது அவருக்குச் செய்யும் நியாயம்.

77 நாட்களை 50 நாட்களாகக் குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்ப்போம். வெளியே நிற்கும் பாக்கி 30 இலட்சத்திலிருந்து 19 இலட்சத்து 40 ஆயிரமாகக் குறைகிறது. கைக்கு வரும் 10 இலட்சத்து 60 ஆயிரத்தை ஓடியில் கட்டினால், வட்டி 11 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 17 ஆயிரம் மிச்சமாகிறது. நிகர இலாபத்தில் அது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. அதே தொகையை விற்பனையைக் கூட்டி ஈட்ட வேண்டுமென்றால், 12 விழுக்காட்டு மொத்த இலாபத்தில், செலவும் பாக்கியும் ஒரு ரூபாய்கூட ஏறாமல், ஏறத்தாழ 9 இலட்சத்து 70 ஆயிரத்துக்குக் கூடுதலாக விற்க வேண்டும். புதிய வாடிக்கையாளரைத் தேடி விளம்பரம் செய்வதைப் பற்றிப் பேசும் கடைக்காரர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறேன். விற்பனை, இலாபம் ஆகிய இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வழி கண்ணிலேயே படாது. அவருடைய எண்களில் நாட்கள் என்ற அலகே இல்லை.

தர வேண்டிய பாக்கியின் நாட்களை இந்தப் பக்கம் காட்டுவதில்லை. நம் கடைக்கு, கொள்முதலையும் வரியோடு சேர்த்துக் கணக்கிட்டால் அது 47 நாட்கள். கொடுப்பதைத் தள்ளிப் போடுவது இலவசக் கடன் என்று எண்ணும் வழக்கம் வணிகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சட்டம் அதற்கு எல்லைகள் வகுத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களிலும் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி பிரிவின் எச் உட்பிரிவு, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரப்பட்ட ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று ஆக்கியது. ஜிஎஸ்டியிலும், பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் தராவிட்டால் கொள்முதலில் கட்டிய வரிக்காக எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். சராசரி 47 நாட்கள் என்றால் சிலருக்கு 45ஐத் தாண்டியிருக்கிறது என்று பொருள். யார் யாருக்கு என்பதைத் தர வேண்டிய பாக்கியின் வயது அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம்.

சரக்கு விற்க ஆகும் 69 நாட்கள், பாக்கி வசூலாக ஆகும் 77 நாட்கள், இரண்டையும் கூட்டி, நாம் கொடுக்க எடுத்துக்கொள்ளும் 47 நாட்களைக் கழித்தால் 99 நாட்கள். ஒரு ரூபாய் கல்லாவை விட்டுப் போய் மீண்டும் கல்லாவுக்கு வர மூன்று மாதத்துக்கும் மேலாகிறது. இந்த ஒற்றை எண்ணுக்கான மூலப்பொருள் முழுவதும் டேலியில் இருந்தும், விகிதப் பக்கம் அதைக் கூட்டிச் சொல்வதில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கலாம் என்று என்னிடம் கேட்டால் இதைத்தான் கேட்பேன். அதுவரை ஒரு தாளில் மாதந்தோறும் எழுதி வருவதே வழி.

கணக்கேட்டிலிருந்து பிறக்கும் எண்கள் அனைத்தும் நடந்து முடிந்ததைச் சொல்பவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ராபர்ட் கேப்ளன், டேவிட் நார்ட்டன் ஆகிய இருவரும் 1992இல் முன்வைத்த சமநிலை மதிப்பெண் அட்டை (பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு) என்ற முறை, நிதி எண்களோடு வாடிக்கையாளர், உள் வேலைமுறை, கற்றலும் வளர்ச்சியும் ஆகிய மூன்று கோணங்களையும் சேர்த்து அளக்க வேண்டும் என்றது. பெரிய நிறுவனங்களுக்காக எழுந்த கருத்து அது. ஆனால் தேவை சிறு கடைக்கும் உண்டு. வந்து கேட்டவரிடம் ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிய சரக்கு எந்த வவுச்சரிலும் ஏறாது. விலைப்புள்ளி வாங்கிச் சென்று வேறிடத்தில் வாங்கியவரும் கணக்கில் இல்லை. சொன்ன நாளில் போய்ச் சேராத சரக்கு, கோபித்துக்கொண்டு நின்றுபோன கொத்தனார், வேலையை விட்டுப் போன அனுபவமுள்ள கடை ஊழியர் ஆகிய யாவும் ஆறு மாதம் கழித்து விற்பனைக் குறைவாகத்தான் டேலிக்குள் நுழையும். அப்போது காரணத்தைத் தேடுவது கடினம். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, இல்லை என்று சொன்ன சரக்கின் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்வது, எனக்குத் தெரிந்தவரை செலவே இல்லாத, பலன் மிகுந்த அளவுகோல். டேலியே இதில் ஓரளவு உதவுகிறது: மறுகொள்முதல் அளவைப் பதிந்து வைத்தால் எந்தச் சரக்கு குறைந்துவிட்டது என்று ஓர் அறிக்கை சொல்லும், விற்பனை ஆர்டர்களைப் பதிந்து வைத்தால் நிலுவையில் உள்ளவை தெரியும். ஆனால் இவற்றைப் பதிபவர்கள் அரிது.

பட்ஜெட் வசதியும் டேலியில் உண்டு. எதிர்பார்த்த தொகைக்கும் நடந்த தொகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பேரேட்டுவாரியாகக் காட்டும். டேலி பிரைமின் நான்காம் வெளியீட்டில் வந்த டேஷ்போர்டு, அதாவது முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் பக்கம், பார்வைக்கு நன்றாக இருக்கிறது. விகிதப் பக்கத்தைத் திறக்கத் தயங்கும் உரிமையாளரை எண்களின் பக்கம் இழுக்க அது உதவலாம். அதற்கு மேல் ஆழமாக எதையும் அது சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

யார் வாங்கலாம் என்ற கேள்விக்கு என் விடை, கடன் விற்பனையும் சரக்கிருப்பும் உள்ள வணிகங்கள் என்பதே. ரொக்கத்துக்கு மட்டும் விற்கும் உணவகத்துக்கோ, சரக்கே இல்லாத சேவைத் தொழிலுக்கோ இந்தப் பக்கத்தின் சிறந்த வரிகள் பயன்படா. அவர்களுக்கு இலாப நட்டக் கணக்கே பெரும்பாலும் போதும். ஒரே கணினியில் கணக்கெழுதும் கடைக்குச் சில்வர் பதிப்பு போதுமானது. ஒரே நேரத்தில் பலர் பதிவிட வேண்டிய இடத்துக்குத்தான் கோல்டு தேவை. வாங்குவதற்கு முன் பணம் கட்டாமல், ‘எஜுகேஷனல் மோட்’ எனப்படும் கல்வி முறையில் நிறுவிப் பார்க்கலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவிட முடியும் என்றாலும், சோதனைக்கு அது தடையல்ல. சென்ற ஆண்டு இருப்புநிலைக் குறிப்பிலுள்ள தொகைகளைத் தொடக்க இருப்பாக ஏற்றி, ஒவ்வொரு மாத மொத்த விற்பனையையும் கொள்முதலையும் அந்தந்த மாதத்தின் 1ஆம் தேதியில் ஒரே பதிவாக எழுதி, வாடகை, சம்பளம், வட்டி ஆகியவற்றையும் அவ்வாறே சேர்த்து, முடிவுச் சரக்கையும் கொடுத்தால், விகிதப் பக்கத்தின் பெரும்பகுதி நிரம்பிவிடும். வசூல் நாட்களுக்கு மட்டும், அதிகப் பாக்கி வைத்திருக்கும் சில வாடிக்கையாளர்களின் பில்களைத் தனித்தனியாக ஏற்றிப் பார்க்க வேண்டும்.